கடைசி ஒரு வருஷம்

பாங்காக் கதையை நானும் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஸ்பெயின் நாட்டுத் துப்பறியும் நாவலாசிரியர் ஒருவர், 1983-இல் 'பாங்காக்கின் பறவைகள்' என்ற பொருளில் தலைப்பு வைத்து ஒரு நாவல் எழுதினார். அதில் அவருடைய துப்பறிவாளன் காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடிப் பார்சிலோனாவிலிருந்து தாய்லாந்துக்குப் போவான். இருபது வருஷம் கழித்து, 2003 அக்டோபர் 18 அன்று, அதே எழுத்தாளர் ஆஸ்திரேலியாவில் சொற்பொழிவுகளை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் வழியில், பாங்காக் விமான நிலையத்தில் மாரடைப்பு வந்து இறந்துபோனார். வயது 64. பெயர் மானுவேல் வாஸ்கெஸ் மொந்தல்பான்.

இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர்கள் ஒரு நொடி பேசாமல் இருப்பார்கள். அப்புறம் "எழுதினதே பலிச்சிருக்கு பாரு" என்பார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன். இப்போது யாரிடமும் அப்படிச் சொல்வதில்லை. ஏன் என்று சொல்வதற்கு முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா 2011-இல் விழுப்புரம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில், சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தபடியே இறந்தார். திண்டிவனம் திரும்புவதற்கு பாசஞ்சர் ரயிலுக்காகக் காத்திருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். ரயில் வந்து எல்லோரும் எழுந்த பிறகும் எழாததால்தான் தொட்டுப் பார்த்தார்களாம். மடியில் ஒரு மாத நாவல் இருந்தது. மஞ்சப்பையில் குடை, பாதி தின்ற மேரி பிஸ்கட் பொட்டலம், மூக்குக்கண்ணாடிக் கூடு. நாவலில் அறுபத்தோராம் பக்கத்தின் முனை மடிந்திருந்தது.

அப்பாவுக்கு ரயில் என்றால் உயிர், துப்பறியும் கதை என்றால் அதைவிட ஒரு படி மேல். கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கு எழுதிய முப்பத்திரண்டு வருஷமும் மாதம் நாலைந்து நாவலாவது வாங்கிவிடுவார். வாங்கிய தேதியை முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதுவார். படித்து முடித்ததும் கொலையாளியை எந்தப் பக்கத்தில் கண்டுபிடித்தார் என்பதையும் கடைசிப் பக்கத்தில் குறித்து வைப்பார். ஆகவே சாவுக்கு வந்த எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "கொடுத்து வச்ச சாவு. ஸ்டேஷன்ல, கையில புஸ்தகத்தோட." பதினாறாம் நாள் வரைக்கும் இதே பேச்சு. ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள், எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அது அப்பாவை எங்களிடமிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போனதுபோல இருந்தது. அவர் ஏன் மாதாமாதம் விழுப்புரம் போனார் என்று அந்த நாட்களில் யாருமே கேட்கவில்லை. பென்ஷன் விஷயம் என்று அவர் சொல்லியிருந்தார். நாங்களும் நம்பியிருந்தோம்.

அடுத்த வருஷம் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் அறுபது ரூபாய்க்கு ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் வாங்கினேன். அட்டை கிழிந்து, செல்லோடேப் ஒட்டியிருந்தது. மொந்தல்பானின் 'தென் கடல்கள்'. ஸ்பானிய மொழியில் 1979-இல் வந்து, அந்த வருஷமே ஸ்பெயினின் பிளானெத்தா இலக்கியப் பரிசு வாங்கிய நாவல். எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. துப்பறியும் கதை என்று பின்னட்டையில் போட்டிருந்தது, அப்பா ஞாபகம் வந்தது, வாங்கினேன்.

கதை இப்படித் தொடங்குகிறது. பார்சிலோனாவில் பெரிய பணக்காரர், கட்டடத் தொழில் செய்பவர், பெயர் ஸ்டுவர்ட் பெத்ரெல். ஓவியர் கோகான் தாகித்தித் தீவுக்குப் போனதுபோல எல்லாவற்றையும் உதறிவிட்டுத் தென் கடல் தீவுகளுக்குப் போகப்போகிறேன் என்று கிளம்புகிறார். ஒரு வருஷம் கழித்து நகரத்தின் ஓரத்தில், ஒரு கட்டட மனையில், கத்திக்குத்துப் பட்ட பிணமாகக் கிடக்கிறார். சட்டைப்பையில் ஒரு காகிதம். அதில் இனி யாரும் என்னைத் தெற்கே கூட்டிப்போகப் போவதில்லை என்று பொருள்படும் ஓர் இத்தாலிய வரி. கவிஞர் குவாசிமோதோவின் வரி அது. அவருடைய மனைவி துப்பறிவாளன் பெப்பே கார்வாலியோவைக் கூப்பிட்டுப் பொறுப்பை ஒப்படைக்கிறாள். யார் கொன்றது என்பதைவிட அவளுக்குத் தெரிய வேண்டியது வேறு. தன் கணவர் அந்தக் கடைசி ஒரு வருஷம் எங்கே இருந்தார்?

நான் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நாலு நாள் தொடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போய், பரணிலிருந்து அப்பாவின் டிரங்குப் பெட்டியை இறக்கினேன். அக்காவும் கூட இருந்தாள். நாவல்களுக்கு அடியில், காலண்டர் தாளில் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு, ஒரு கட்டு காகிதம். பிரித்தால் ஈசிஜி தாள்கள். மருந்துக் கடை ரசீதுகள். விழுப்புரத்தில் ஒரு டாக்டரின் சீட்டுகள், மாதத்துக்கு ஒன்று, பதினோரு மாதங்களுக்கு. கணக்குப்பிள்ளையின் ஒழுங்கோடு தேதி வாரியாக அடுக்கியிருந்தார். மூன்றாவது சீட்டில் ஆஞ்சியோ என்று எழுதி டாக்டர் வட்டம் போட்டிருந்தார். அதற்கப்புறம் வந்த எல்லாச் சீட்டிலும் அதே சொல், அதே வட்டம். அந்த வருஷம்தான் அக்காவின் பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. அக்கா சீட்டுகளைத் தரையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்துவிட்டு, எட்டாவது சீட்டின் மேல் விரலை வைத்து, "இது முகூர்த்தத்துக்கு மறுநாள்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

சரி, மொந்தல்பானுக்கு வருகிறேன்.

ஸ்டுவர்ட் பெத்ரெல் தென் கடலுக்குப் போகவே இல்லை. தானே கட்டிவிற்ற ஒரு குடியிருப்பில், வேறு பெயரில், ஒரு வருஷம் வாழ்ந்திருக்கிறார். நாவலில் அதற்கு சான் மாகின் என்று பெயர். தெற்கு ஸ்பெயினிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர்களுக்காக, அவசரத்தில், மலிவாக எழுப்பிய அடுக்குமாடிகள். கார்வாலியோ அங்கே போய்ச் சந்து சந்தாக நடக்கிறான். ஒரே அச்சில் வார்த்த வீடுகள், ஈரம் ஊறும் சுவர்கள். இந்த இடத்தில் மொந்தல்பானின் கை தெரியும். அந்தப் பக்கங்களில் துப்பு என்று பெரிதாக எதுவும் கிடைக்காது. ஆனால் ஒரு நகரம் யாருடைய பணத்தில், யாருடைய முதுகில் ஏறி நின்றது என்பது படிப்பவனுக்குப் புரிந்துவிடும். அவருடைய கதைகளில் பிணத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு நீண்ட காரணம் இருக்கிறது. நிலம், வாடகை, கட்சி, பழைய போர், பழைய துரோகம். தலையெழுத்து என்று ஒரு சாவைக்கூட அவர் விட்டுவைத்ததில்லை. அப்படி எழுதியவருடைய சாவைத்தான் நான் தலையெழுத்துக் கதையாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் பிறந்தது 1939 ஜூன் 14. ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது. தோற்றவர்கள் பக்கத்தில் இருந்த குடும்பம். பார்சிலோனாவின் ரவால் பகுதியில் பொதெய்யா தெருவில் வீடு. அப்பா கலீசியாக்காரர். அம்மா தையல் வேலை செய்தவர். அப்பா சிறையில் இருந்ததால் பையன் அவரை முதன்முதலில் பார்த்ததே ஐந்து வயதில்தான், அதுவும் வீட்டு மாடிப்படியில். யாரோ ஒரு ஆள் படியேறி வந்தார், அவர்தான் என் அப்பா என்று பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். இதைப் படித்தபோது அந்தப் படிக்கட்டை ஒருநாள் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அந்தத் தெருக்களில் போருக்குப் பிறகு பசியும் பயமும் மட்டும்தான் மிச்சம். உரக்கப் பேசக்கூட முடியாது. ஆனால் பாடலாம். வீடுகளுக்கு நடுவில் இருக்கும் முற்றங்களில் துணி காயப்போட்டுக்கொண்டே பெண்கள் பாடுவார்கள். கொன்சா பிகேர் பாடிப் புகழ்பெற்ற 'தத்துவாஹே', அதாவது பச்சை குத்தல் என்கிற பாட்டு, அங்கே ஒவ்வொரு ஜன்னலிலும் கேட்கும். வேற்று நாட்டுக் கப்பலில் வந்த மாலுமி ஒருவனை நினைத்து ஏங்குகிறவளின் பாட்டு. போரில் வென்ற சர்வாதிகாரி ஃபிராங்கோ காலத்து வானொலியில் ஒலித்த பாட்டுதான், சட்டத்துக்கு விரோதமான ஒரு சொல்கூட அதில் கிடையாது. ஆனால் கணவனைச் சிறையிலும் நாடு கடந்தும் தொலைத்த பெண்கள் அதைப் பாடும்போது அவர்கள் வேறு ஒன்றைச் சொன்னார்கள் என்பதை அந்தப் பையன் கேட்டிருக்கிறான். 1969-இல் 'திரியுன்ஃபோ' பத்திரிகையில் அவர் எழுதிய தொடர் ஒன்று இதைத்தான் எடுத்துப் பேசியது. சாதாரண ஜனங்களின் பாட்டு, கால்பந்து, சாப்பாடு, வானொலி ஆகியவற்றை வைத்து ஒரு நாட்டின் மன வரலாற்றை எழுதினார். அந்தப் பாட்டின் பெயரையே ஐந்து வருஷம் கழித்து ஒரு துப்பறியும் நாவலுக்கும் வைத்தார்.

அதற்கு முன்னால் சிறை. 1962-இல் அஸ்தூரியாஸ் சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை ஆதரித்ததற்காகக் கைதானார். ராணுவ நீதிமன்றம் மூன்று வருஷம் தண்டனை கொடுத்தது. யேய்தா நகரச் சிறையில் ஒன்றரை வருஷம் போல இருந்தார். போப் 23-ஆம் ஜான் மறைவையொட்டி வந்த தண்டனைக் குறைப்பில் வெளியே வந்தார். உள்ளே இருந்தபோதே செய்தி ஊடகங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று ஒரு ஆய்வு நூலை எழுதி முடித்திருந்தார்! வெளியே வந்தபின் கிடைத்த வேலை எல்லாம் செய்தார். வீட்டு அலங்காரப் பத்திரிகைக்கு 'அலங்காரி ஜாக்' என்ற புனைபெயரில் எழுதினார். 1967-இல் முதல் கவிதைத் தொகுப்பு. 1972-இல் கார்வாலியோ முதன்முதலாகத் தலைகாட்டிய நாவல். அது சோதனை முயற்சி. முழுத் துப்பறிவாளனாக அவன் வருவது 1974-இல், 'தத்துவாஹே'யில். குடித்துக்கொண்டிருந்தபோது போட்ட ஒரு பந்தயத்தில் அதைப் பதினைந்து நாளில் எழுதினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

கார்வாலியோவை அறிமுகப்படுத்துவது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. லா ரம்ப்ளா சாலையில் ஆபீஸ். மலைமேல் வால்விட்ரேராவில் வீடு. ஒரு காலத்தில் கம்யூனிஸ்ட், அப்புறம் சி.ஐ.ஏ. ஆள், இப்போது இரண்டும் இல்லை. எடுபிடிக்கு பிஸ்குத்தேர் என்று ஒரு குள்ளமான ஆள், கார் திருட்டில் உள்ளே போய்ச் சிறையில் பழக்கமானவன், ஆபீஸின் துளியூண்டு அடுப்பில் அருமையாகச் சமைப்பவன். காதலி சாரோ, பாலியல் தொழில் செய்பவள். தகவல் சொல்லும் புரோமூரோ ஷூ பாலிஷ் போடுபவன். ஹிட்லருக்குத் துணையாக ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்ட நீலப் படையில் சண்டையிட்டவன். ஜனங்களின் ஆசையைக் குறைக்க அரசாங்கம் ரொட்டியிலும் தண்ணீரிலும் புரோமைடு கலக்கிறது என்று எல்லோரிடமும் புலம்பியதால் வந்த பெயர் அது. தோற்றவர்கள், ஏமாந்தவர்கள், ஓரத்தில் நின்றவர்கள் என்று ஒரு கூட்டத்தையே அவனைச் சுற்றி உட்காரவைத்திருக்கிறார் மொந்தல்பான். புரோமூரோ எந்தப் பக்கம் நின்று சண்டை போட்டவன் என்று தெரிந்தும் அவன் மேல் நமக்குக் கோபம் வருவதில்லை. தோற்ற குடும்பத்தில் பிறந்த ஒருவர் அவனுக்கு இவ்வளவு இரக்கம் காட்டியிருக்கிறாரே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

கார்வாலியோ புத்தகங்களை எரிப்பான். குளிர் காய அடுப்பு மூட்டும்போது அலமாரிக்குப் போய், யோசித்து, ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துக் கிழித்து அடியில் வைப்பான். ஆயிரக்கணக்கில் வாங்கிப் படித்தவன்தான். அவை தனக்கு வாழக் கற்றுக்கொடுக்கவில்லை என்பது அவன் வருத்தம். முதல் தடவை படித்தபோது எனக்குப் பதறியது. அப்பா இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார். ஆனால் பிறகு ஒன்றைக் கவனித்தேன். எரிப்பதற்கு முன்னால் அந்தப் புத்தகத்தைப் பற்றி அவன் யோசிக்கிறான். இத்தனை கவனத்தோடு நாம் எத்தனை புத்தகத்தைக் கையில் எடுக்கிறோம்?

அப்புறம் சாப்பாடு. அந்த நாவல்களில் மனிதர்கள் சாப்பிடுவதுபோல வேறெந்தத் துப்பறியும் கதையிலும் நான் பார்த்ததில்லை. லா பொகேரியா சந்தையில் மீன் பொறுக்குவது, வெங்காயமும் தக்காளியும் சுருண்டு வதங்கும்வரை பொறுமையாக நிற்பது என்று பக்கம் பக்கமாக வரும். பசித்த தெருவில் வளர்ந்தவர் எழுதிய சாப்பாடு அது. 1989-இல் கார்வாலியோவின் சமையல் குறிப்புகள் தனிப் புத்தகமாகவே வந்தன. இத்தாலியில் ஆந்த்ரேயா கமில்லேரி தன் போலீஸ் அதிகாரிக்கு மொந்தல்பானோ என்று பெயர் வைத்தது இவர் மேல் இருந்த மரியாதையால்தான். மொந்தல்பானின் 'பியானோக்காரர்' நாவல் நிகழ்காலத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போகும் விதம், தன் சொந்த நாவல் ஒன்றின் முடிச்சை அவிழ்க்க உதவியது என்று கமில்லேரி சொல்லியிருக்கிறார். கமில்லேரியின் அதிகாரியும் வயிறு நிறையச் சாப்பிடுபவர் என்பது படித்தவர்களுக்குத் தெரியும்.

2018-இல் ஆபீஸ் வேலையாக இரண்டு வாரம் பார்சிலோனாவில் இருக்க வாய்ப்புக் கிடைத்தது. முதல் சனிக்கிழமையே ரவாலுக்குப் போனேன். பொதெய்யா தெரு நான் நினைத்ததைவிடக் குறுகல். இரண்டு பேர் குடை பிடித்துக்கொண்டு எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். மேலே பால்கனிகளில் துணி காய்ந்தது. எங்கோ ஒரு ஜன்னலிலிருந்து உருதுப் பாட்டு வந்தது. பாகிஸ்தானிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்தவர்கள் நிறையப் பேர் இப்போது அங்கே வாழ்கிறார்கள். முடிவெட்டும் கடை, ஹலால் கறிக்கடை, போன் ரீசார்ஜ் கடை. பிழைக்க வந்தவர்களின் பேட்டை அன்றும் அதுதான், இன்றும் அதுதான். மாடிப்படியைப் பார்க்க முடியவில்லை. எந்த வாசல் என்று தெரியவில்லை, தெரிந்திருந்தாலும் மணியடிக்கத் துணிந்திருக்க மாட்டேன். ஒரு வாசல் திறந்திருந்தது. உள்ளே செங்குத்தான படி, கால் பட்டுத் தேய்ந்து நடுவில் குழிந்த கல். அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் ரம்ப்ளா தெல் ரவால். பழைய வீடுகளைத் தெருத்தெருவாக இடித்துவிட்டு 2000-இல் திறந்த அகலமான நிழற்சாலை. சிற்பி பொதேரோ செய்த பெரிய வெண்கலப் பூனை ஒன்று அங்கே நிற்கிறது, குழந்தைகள் அதன் முதுகில் ஏறி விளையாடுகிறார்கள். பக்கத்தில் மொந்தல்பானின் பெயரில் ஒரு சதுக்கம். அதை ஒட்டி வட்ட வடிவில் ஒரு ஹோட்டல் கோபுரம் உயர்ந்து நிற்கிறது. 1992 ஒலிம்பிக்ஸை ஒட்டி நகரத்தைத் துடைத்து மெழுகியதைப் பார்த்துக் கடுமையாக எழுதியவர் அவர். ஏழைகளின் ஞாபகத்தையும் சேர்த்து இடிக்கிறீர்கள் என்பது அவர் வாதம். இடித்த இடத்திலேயே அவர் பெயர்ப் பலகை இருக்கிறது. எனக்கு அதில் கசப்புதான் முதலில் வந்தது. பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் அந்தப் பலகையின் நிழலில் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தோலை ஒரே சுருளாக, அறுபடாமல் எடுத்து, கைக்குட்டையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். கசப்பு கொஞ்சம் குறைந்தது.

மொந்தல்பானுக்குப் பிடித்த காசா லியோபோல்தோ உணவகமும் அதே பேட்டையில்தான், 1929-இல் தொடங்கியது. அதற்குள் போகவில்லை, என் பாக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகாது. அதற்குப் பதிலாக வால்விட்ரேராவுக்குப் போனேன். மலையடிவாரத்திலிருந்து பழனி விஞ்ச் மாதிரி ஒரு கம்பிவட ரயில் மேலே இழுத்துக்கொண்டு போகிறது. மேலே இறங்கினால் பைன் மர வாசனை, கீழே நகரம் முழுவதும், அதற்கப்பால் கடல். 'தென் கடல்கள்' முடியும் இடம் இந்த மலைதான். வழக்கு முடிந்துவிட்டது. ஆனால் கார்வாலியோவைப் பழிவாங்க யாரோ அவனுடைய நாய்க்குட்டியின் கழுத்தை அறுத்துப் போட்டிருக்கிறார்கள். பிளேதா என்று பெயர். அவன் தோட்டத்தில் குழி தோண்டி அதைப் புதைக்கிறான். அத்தனை பெரிய மனிதர்களின் சாவுகளைப் படித்துவிட்டு நான் அழுதது அந்த இடத்தில்தான்.

இனி பாங்காக்.

1994-இல் மொந்தல்பானுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு அவர் வேலையைக் குறைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 'எல் பாயீஸ்' பத்திரிகையில் தொடர்ந்து பத்தி எழுதினார். போப் கியூபாவுக்குப் போனதை வைத்து ஒரு தடித்த புத்தகம். மெக்சிகோ காட்டுக்குப் போய்ப் போராளித் தலைவர் மார்க்கோஸைச் சந்தித்து இன்னொரு புத்தகம். கார்வாலியோவைப் புவனோஸ் ஐரெஸுக்கு அனுப்பி ஒரு நாவல், அங்கே ராணுவ ஆட்சியில் காணாமல் அடிக்கப்பட்டவர்களைப் பற்றி. நடுவில் பார்சா கிளப்பைப் பற்றிக் கட்டுரைகள். கத்தலோனியாவின் ஆயுதமில்லாத ராணுவம் என்று அந்தக் கால்பந்துக் குழுவைச் சொன்னவர் அவர்தான். கடைசியாக கார்வாலியோவையும் பிஸ்குத்தேரையும் உலகைச் சுற்றி ஒரு நெடும்பயணம் அனுப்பி இரண்டு பாக நாவல் எழுதினார். 'கார்வாலியோவின் ஆயிரமாண்டு' என்று சொல்லலாம். அது 2004-இல், அவர் போன பிறகு வெளிவந்தது. இரண்டாம் பாகத்தின் பெயர் உலகத்தின் எதிர்ப்பக்கத்தைக் குறிக்கிறது. அவரும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று எதிர்ப்பக்கத்துக்குத்தான் போய்வந்து கொண்டிருந்தார்.

இதையும் ஒரு பொருத்தமாகச் சொல்லலாம். இனி யாரும் தெற்கே கூட்டிப்போக மாட்டார்கள் என்ற சட்டைப்பைக் காகிதத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு இப்போது மனம் வரவில்லை. அறுவை சிகிச்சை முடிந்த ஒரு இதயம், நீண்ட விமானப் பயணம், கூட்டம் கூட்டமாகச் சொற்பொழிவு, வீட்டுக்கு இன்னும் பாதி உலகம் மிச்சம் இருக்கிற ஒரு காத்திருப்பு. கார்வாலியோ அந்தப் பிணத்தின் முன் நின்றிருந்தால் பறவைகளைப் பற்றி யோசித்திருக்க மாட்டான். கடைசியாக என்ன சாப்பிட்டார், யாரிடம் பேசினார், எத்தனை நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்று விசாரித்திருப்பான். அவருக்கு ஆனா சாயெஸ் என்று மனைவி இருந்தார், வரலாற்றாசிரியர். மகன் தானியேல். அவரும் எழுதுபவர். ஒரு மனிதர் ஊர் திரும்பவில்லை என்கிற செய்தி அந்த வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. புத்தகத் தலைப்பு பலித்தது என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அது எப்படிக் காதில் விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கொடுத்து வச்ச சாவு என்று பதினாறு நாள் கேட்டவன் நான்.

விழுப்புரத்து டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அக்கா வேண்டாம் என்றாள், இருந்தாலும் போனேன். வயதானவர், அப்பாவை நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் அடுத்த மாதம் வீட்டில் சொல்லிவிடுகிறேன் என்பாராம். காத்திருக்கும் அறையில் எப்போதும் நாவல் படித்துக்கொண்டிருப்பாராம். ஒருமுறை கம்பவுண்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் எழாமல், "ரெண்டு நிமிஷம் தம்பி, கொலைகாரன் சிக்கப்போறான்" என்று சொன்னாராம். டாக்டர் அதைச் சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன், அப்புறம் இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். ஜங்ஷனுக்கு நடந்தே திரும்பினேன். அவர் கிளினிக்கிலிருந்து பிளாட்பாரத்துக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. நடுவில் மேம்பாலப் படி இருக்கிறது, நாற்பத்திரண்டு படி. அப்பா அதை மாதாமாதம் ஏறி இறங்கியிருக்கிறார்.

'தென் கடல்கள்' நாவலில் ஒரு இரவு வரும். ஒரு மணிக்கு மேல் கார்வாலியோவுக்குத் தூக்கம் வராமல், கத்திரிக்காயும் இறாலும் போட்டு ஒரு பதார்த்தம் செய்ய ஆரம்பிப்பான். தனியாகச் சாப்பிடப் பிடிக்காது. பக்கத்து வீட்டு நண்பன் ஃபுஸ்தேரைத் தட்டி எழுப்பிக் கூட்டிவருவான். ஃபுஸ்தேரும் இந்நேரத்துக்கா என்று அலுத்துக்கொள்ளாமல் வந்து, என்னென்ன போட்டிருக்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்பான்.

கத்திரிக்காயும் இறாலும் நம்மூர்ச் சேர்க்கைதான். அவன் பாலாடை மாதிரி ஒரு வெள்ளைக் குழம்பு ஊற்றிச் செய்வான், எனக்கு அது வராது. நான் அம்மா செய்கிற தொக்குதான் செய்வேன். சின்ன வெங்காயம் இரண்டு கைப்பிடி, தக்காளி, புளி கொஞ்சமாக. கத்திரிக்காயைக் காம்போடு நாலாகக் கீறி முதலில் எண்ணெயில் புரட்டி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குழைந்துவிடும். இறால் கடைசியில். சுருண்டு நிறம் மாறியதும் இறக்கிவிட வேண்டும், ஒரு நிமிடம் கூடினால் ரப்பர். போன அக்டோபர் 18 சனிக்கிழமை. மொந்தல்பான் இறந்த நாளும் சனிக்கிழமைதான் என்று காலண்டரைப் பார்த்து அப்புறம் தெரிந்துகொண்டேன், அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. அக்கா ஊரிலிருந்து வந்திருந்தாள். ராத்திரி பன்னிரண்டரைக்கு அடுப்பு வாசனைக்கு எழுந்து வந்து, "இந்நேரத்துல என்னடா பண்ற" என்றாள். தட்டு எடுத்துவரச் சொன்னேன்.

சாப்பிட்டு முடித்துவிட்டு அவள் கேட்டாள், அப்பா கடைசியாக வைத்திருந்த அந்த நாவலில் கொலைகாரன் யார் என்று. நான் அறுபத்தோராம் பக்கத்துக்கு மேல் படித்ததில்லை. அவளும் படித்ததில்லை. அலமாரியிலிருந்து எடுத்து வந்தேன். முனை மடித்த இடத்தைப் பிரித்து அவள் உரக்க வாசிக்க ஆரம்பித்தாள், நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டேன். எழுபத்து நாலாம் பக்கத்தில் அவள் நிறுத்தி, "மச்சான்காரன்தான், பாத்துக்க" என்றாள். பென்சில் எடுத்துக் கடைசிப் பக்கத்தில் எழுதினோம். 74.